அழுக்குச் சட்டையின் விலை

மியூனிக் நகரின் கிழக்கு ஓரத்தில் றீம் என்றொரு பகுதி இருக்கிறது. இன்று யூ-பாணில் அங்கு போய் இறங்குகிறவர் கண்காட்சி மண்டபங்களையும் அடுக்குமாடி வீடுகளையும் பெரியதொரு பூங்காவையும் காண்பார். 1939இல் இருந்து 1992 வரை இந்த நகரின் விமான நிலையம் அங்குதான் இருந்தது. 1958 பெப்ரவரியில் மான்செஸ்ரர் யுனைற்றெட் உதைபந்தாட்டக் குழுவை ஏற்றிய விமானம் ஓடுபாதையின் பனிச்சேற்றில் மேலெழ முடியாமல் நொருங்கி 23 பேர் இறந்ததும் அங்கேதான். 1992 மே 16 இரவோடு றீம் மூடப்பட்டது. லொறி லொறியாகச் சாமான்களை ஏற்றி, விடிவதற்குள் நகருக்கு வடகிழக்கே பிரான்ஸ் ஜோசப் ஸ்ட்ராவுஸ் பெயரிட்ட புதிய நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மறுநாள் பயணிகள் இல்லை, சுங்கம் இல்லை, கடவுச்சீட்டைப் புரட்டிப் புரட்டி முகத்தைப் பார்க்கும் பொலிசும் இல்லை. வெறும் மண்டபங்கள் மட்டும் நின்றன.

அந்த மண்டபங்களில் ஒன்றில், 1994 மார்ச் 1, செவ்வாய்க்கிழமை இரவு, நிர்வாணா என்ற அமெரிக்க றொக் குழு ஏறத்தாழ 3000 பேர் முன்னால் பாடியது. அதுவே அக்குழுவின் கடைசிக் கச்சேரியாகிவிட்டது. கிறஞ்ச் என்று உலகம் பெயர் வைத்த இசையின் வரலாற்றைச் சியாற்றிலில் தொடங்குகிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் மியூனிக்குக்கு வந்துதான் ஆகவேண்டியிருக்கிறது.

எமது வாசகர்களில் பலருக்கு இது வெறும் காட்டுக்கத்தல் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இதை எழுதத் தூண்டியது 'மாற்று' என்ற சொல். இந்த இசைக்கு அமெரிக்க வானொலிக்காரர்கள் வைத்த பொதுப்பெயர் மாற்று றொக் என்பது. புலம்பெயர் சிறுபத்திரிகைகளில் நாங்களும் அதிகம் செலவழித்த சொல் அதுவே. மாற்று என்று சொல்லிக்கொண்டு எழும் ஒன்றைச் சந்தை எப்போது கண்டுபிடிக்கிறது, கண்டுபிடித்த பின் எத்தனை நாளில் விழுங்குகிறது, விழுங்கியதில் செரிக்காமல் எது மிஞ்சுகிறது என்பதை ஆண்டு, மாதக் கணக்கோடு பார்க்க இதைப்போல இன்னொரு கதை கிடைக்காது.

சியாற்றில் அமெரிக்காவின் வடமேற்கு மூலை. மழை, மரம், போயிங் விமானத் தொழிற்சாலை. நியூயோர்க்கில் இருந்தும் லொஸ் ஏஞ்சலசில் இருந்தும் கச்சேரிக்குப் புறப்படும் குழுக்கள், வண்டிச் செலவு கட்டாது என்று அந்த மூலைக்குப் போகாமலே திரும்பிவிடும். ஆகவே அங்கிருந்த பொடியள் தங்களுக்குத் தாங்களே வாசித்தார்கள். எழுபதுகளின் கனத்த றொக் ஒரு காதில், பங்க் மறு காதில். இரண்டையும் பகைவர்கள் என்று பெருநகரங்கள் பிரித்து வைத்திருந்த காலத்தில், பார்ப்பதற்கு ஆளில்லாத ஊரில் இரண்டும் கலந்தன. பங்கின் கோபம், ஆனால் வேகம் குறைந்து, சேற்றில் நடப்பதுபோல. கிற்றாரின் ஆறு தந்திகளில் ஆகத் தடித்ததை ஒரு முழுச் சுரம் கீழே இறக்கிவிடுவார்கள். அப்போது ஒரு விரலால் மூன்று தந்தியையும் சேர்த்து அழுத்தினாலே இடிபோல ஒரு கூட்டொலி வரும். காலால் மிதிக்கும் சிறு பெட்டி ஒன்று அந்த ஒலியைக் கிழித்து நார்நாராக்கும். மட்ஹனி குழு 1988இல் வெளியிட்ட தட்டுக்கு அத்தகைய இரண்டு பெட்டிகளின் பெயரையே சேர்த்து வைத்தார்கள்: சூப்பர்பஸ் பிக்மவ்.

1986இல் 'டீப் சிக்ஸ்' என்ற தொகுப்புத் தட்டு வந்தது. கிறீன் றிவர், மெல்வின்ஸ், சவுண்ட்கார்டன் முதலான ஆறு குழுக்கள். விற்பனை சொல்லும்படி இல்லை. இந்தச் சத்தத்துக்கு ஒரு வீடு கட்டிக்கொடுத்தது சப் பொப் என்ற சிறு நிறுவனம். அதன் வேர் புரூஸ் பவிற் 1980இல் தொடங்கிய ஒரு கையடக்கப் பத்திரிகை. போட்டோக் கொப்பி, கத்தரிக்கோல், பசை. பிறகு எழுத்தோடு ஒரு கசற்றும் சேர்ந்தது. இதை வாசிக்கிறபோது, ஸ்ரென்சில் வெட்டி, எழுத்துப்பிழையோடு தபாற்செலவுக்குக் கைக்காசு போட்டு இதழ் அனுப்பிய எமது நண்பர்களின் ஞாபகம் வராமல் இராது. 1987இல் கிறீன் றிவரின் தட்டை விளம்பரப்படுத்த சப் பொப் 'கிறஞ்ச்' என்ற சொல்லைப் பயன்படுத்தியது. அழுக்கு, ஊத்தை என்று பொருள். தங்களையே கேலிசெய்யும் விளம்பரம் அது.

இங்கே எங்களுக்கு ஆர்வம் தரும் ஒருவர் வருகிறார். சவுண்ட்கார்டன் குழுவின் கிற்றார்க்காரர் கிம் தாயில். 1960இல் சியாற்றிலில் பிறந்தவர், பெற்றோர் கேரளத்தவர். சிக்காகோவுக்கு அருகே வளர்ந்து, பின்னர் சியாற்றிலில் தத்துவம் படித்தவர். கூடவே வந்த பால்ய நண்பர்களில் ஒருவர்தான் சப் பொப் தொடங்கிய பவிற்; இன்னொருவர் ஜப்பானிய வழிவந்த ஹிரோ யமமோட்டோ, சவுண்ட்கார்டனின் முதல் பாஸ் கிற்றார்க்காரர். பவிற்றையும் அவருடைய பங்காளி ஜொனதன் பொன்மனையும் சேர்த்து வைத்ததும் தாயில்தான். வெள்ளைக்காரப் பொடியளின் கோபம் என்று பத்திரிகைகள் ஓயாமல் எழுதிய இசையின் அத்திவாரத்தில் ஒரு மலையாளியின் கை இருக்கிறது. இதைச் சொல்லிப் பெருமைப்படுவதற்கு அல்ல. வரலாறு எழுதுகிறவர்கள் யாரை முன்வரிசையில் நிறுத்துகிறார்கள் என்பதைக் கவனிப்பதற்கு.

நிர்வாணா இந்தக் கூட்டத்தின் கடைக்குட்டி. கேர்ட் கொபெய்ன் அபர்டீன் என்ற மரம்வெட்டிகளின் ஊர்க்காரன். அவனுக்குப் பங்க் இசையைக் காட்டிக்கொடுத்தது பக்கத்து ஊர் மெல்வின்ஸ் குழுவின் பஸ் ஒஸ்போன். கிறிஸ்ற் நோவோசெலிக் குறோவேசியாவில் இருந்து குடியேறியவர்களின் மகன். பதின்ம வயதில் ஒரு வருடம் சடார் நகரில் உறவினரோடு வாழ்ந்தவன். 1989இல் வந்த அவர்களுடைய முதல் தட்டு 'பிளீச்' பதிவான செலவு 606 டொலர் 17 சதம். அந்தப் பணத்தைக் கொடுத்த ஜேசன் எவர்மனின் பெயரை, அவன் ஒரு தந்தியையும் தொடாதபோதும், நன்றிக்காக அட்டையில் போட்டார்கள். பிற்காலத்தில் அவன் அமெரிக்க இராணுவத்தில் சேர்ந்து ஆப்கானிஸ்தானிலும் ஈராக்கிலும் போரிட்டான். அது வேறு கதை.

ஐரோப்பாவுக்கு இந்த இசை வந்த பாதையும் ஒரு சிறுபத்திரிகைப் பாதைதான். பெவருங்கன் என்ற சிறு ஊரில் இருந்து வந்த கிளிற்றர்ஹவுஸ் என்ற இரசிகர் இதழ் இசைத்தட்டு நிறுவனமாக மாறி, சப் பொப்பின் வெளியீடுகளை உரிமை பெற்று ஜேர்மனியில் அச்சிட்டது. 1988 இலையுதிர் காலத்தில் மட்ஹனி பேர்லினில் வாசித்தது. மதில் இன்னும் விழவில்லை. சொந்த ஊரில் நூறு பேருக்கு வாசித்தவர்களை ஜேர்மன், ஆங்கிலேயப் பத்திரிகைகள் எழுதிப் பெரிதாக்கிய பின்னரே அமெரிக்கா திரும்பிப் பார்த்தது. 1991 நவம்பரில் நிர்வாணா மியூனிக்குக்கு வந்தபோது வாசித்த இடம் லாண்ட்ஸ்பேர்கர் வீதியில் இருந்த நாக்ற்வேர்க், ஒரு பழைய தொழிற்கூடம். கைவிடப்பட்ட கட்டடங்களைப் பிடித்துக் கச்சேரிக் கூடமாக்குவதில் இந்த நகரில் பேரெடுத்தவர் வொல்ப்காங் நோத். பியரும் பிஎம்டபிள்யூவும் என்று பெயரெடுத்த பணக்கார நகரில் இளைஞர்களுக்கு மிஞ்சியது இப்படியான இடங்கள்தான். றீமின் மண்டபத்தையும் அவர்தான் பின்னர் எடுத்து நடத்தினார்.

அந்த நவம்பரில் ஏற்கெனவே கதை கைமாறிவிட்டது. செப்ரெம்பர் 24ந் திகதி 'நெவர்மைண்ட்' வெளியாகியிருந்தது, இம்முறை கெபன் என்ற பெரிய கம்பனியின் கிளையில். அமெரிக்காவுக்கு முதலில் அச்சிட்டது 46,251 பிரதிகள். அதற்கு மேல் போகும் என்று கம்பனி எதிர்பார்க்கவில்லை. 1992 ஜனவரி 11ந் திகதிப் பட்டியலில் அது மைக்கல் ஜக்சனைத் தள்ளிவிட்டு முதலிடத்துக்கு வந்தது. உலகம் முழுவதும் இன்றுவரை விற்றது 3 கோடி என்று மதிப்பிடுகிறார்கள். எம்.ரி.வி. ஓயாமல் காட்டியது ஒரு காரணம். அதிகம் பேசப்படாத இன்னொரு காரணம், எண்ணும் முறை மாறியது. 1991 நடுப்பகுதிவரை அமெரிக்க விற்பனைப் பட்டியல் கடைக்காரர்களைத் தொலைபேசியில் கேட்டுத் தயாரிக்கப்பட்டது; கம்பனிகள் அவர்களுக்குச் சந்தோசம் கொடுத்துத் தங்கள் சரக்கை மேலே ஏற்றலாம். அதன்பின் பட்டைக்குறியீட்டை இயந்திரம் வாசித்து உண்மையில் விற்றதை எண்ணத் தொடங்கியது. யாரும் கேட்பதில்லை என்று நினைத்த இசைகளை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று திடீரெனத் தெரியவந்தது. எண்ணப்பட்ட மறுகணமே சந்தை விழித்துக்கொண்டது.

எங்கள் ஆட்களுக்கு அந்தப் பெயர் முதலில் சிரிப்பைத்தான் தந்தது. வடமொழியில் விடுதலை, நம் பேச்சில் அம்மணம். தட்டின் அட்டையிலும் தண்ணீருக்குள் ஓர் அம்மணக் குழந்தை. அதன் முன்னால் தூண்டிலில் கொழுவிய ஒரு டொலர்த் தாள். பௌத்தத்துக்கு அரசியலமைப்பில் முதலிடம் கொடுத்த நாட்டிலிருந்து ஓடிவந்தவனுக்கு நிர்வாணம் என்ற சொல் வேறு நினைவுகளையும் கிளறும். அதை விடுவோம்.

ஆனால் 1992, 1993ஆம் ஆண்டுகளில் ஜேர்மனியில் வாழ்ந்த எவரும் கிற்றார்ச் சத்தத்தைச் சும்மா கேட்டிருக்க முடியாது. 1992 ஓகஸ்றில் றொஸ்ரொக் நகரில் அகதிகள் தங்கிய கட்டடத்தை நாட்கணக்கில் கல்லாலும் நெருப்பாலும் தாக்கினார்கள். சுற்றி நின்ற சனம் கைதட்டியது. நவம்பரில் மொல்ன் நகரில் மூன்று துருக்கியர் எரிக்கப்பட்டார்கள். 1993 மே 26 பாராளுமன்றம் அரசியல் தஞ்ச உரிமையை வெட்டிக் குறைத்தது. மூன்று நாள் கழித்து சோலிங்கனில் ஐந்து பேர் எரிந்தார்கள். யூலை 1 முதல் விமான நிலையத்தின் உள்ளேயே வைத்து அசூல் விண்ணப்பத்தை விசாரித்துத் திருப்பியனுப்பும் நடைமுறை வந்தது. ஸ்ரோர்க்றாவ்ற் போன்ற நாஜி றொக் குழுக்களின் கசற்றுகள் பொடியளின் கைகளில் சுற்றிய காலம் அது. அவையும் கிழிந்த கிற்றார்தான், அவையும் கோபம்தான். இரவு வேலை முடிந்து எஸ்-பாணில் திரும்பும்போது பின்னிருக்கையில் இருந்து அந்த ஒலி கேட்டால், திரும்பிப் பார்க்காமல் முதலில் கண்ணாடியில் தலைமயிரைப் பார்ப்போம். மொட்டையா, நீள மயிரா? நீள மயிரும் கட்டம்போட்ட சட்டையும் என்றால் மூச்சு வரும்.

இது வெறும் உடையை நம்பிய நிம்மதி என்று யாரும் சொல்லலாம். உண்மையில் அதற்கு ஓர் எழுத்துச் சான்றும் இருந்தது. 1992 டிசெம்பரில் வந்த 'இன்செஸ்ரிசைட்' தட்டின் உள்தாளில், நிறவெறியும் பெண்வெறுப்பும் ஒருபாலுறவாளர்மீது வெறுப்பும் கொண்டவர்கள் தங்கள் தட்டை வாங்கவேண்டாம், கச்சேரிக்கும் வரவேண்டாம் என்று கொபெய்ன் எழுதியிருந்தான். மில்லியன் கணக்கில் விற்கும் ஒருவன் வாங்குகிறவனைப் பார்த்து வாங்காதே என்று சொல்வது சந்தையின் ஒழுங்குக்குள் வராத பேச்சு. அதே டிசெம்பர் 6ந் திகதி மியூனிக்கில் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் மெழுகுதிரி ஏந்தி வீதியில் நின்றார்கள். மெழுகுதிரி ஏந்தியவர்களின் கட்சிகளே ஆறு மாதம் கழித்துச் சட்டத்தை மாற்ற வாக்களித்தன என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும். 1993 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோவுக்கு அருகே நோவோசெலிக்கின் முயற்சியில் நிர்வாணாவும் வேறு குழுக்களும் பொஸ்னியப் போரில் வன்புணரப்பட்ட பெண்களுக்காகக் கச்சேரி வைத்துப் பணம் சேர்த்தன. பொஸ்னியாவில் இருந்து தப்பியவர்கள் அப்போது மியூனிக்கின் முகாம்களில் எங்கள் பக்கத்து அறைக்காரர்கள்.

சட்டைக் கதைக்கு வருவோம். கட்டம்போட்ட தடித்த சட்டை மரம்வெட்டிகளின் உடுப்பு. குளிருக்கு நல்லது, பழைய உடுப்புக் கடையில் மலிவு. அங்கே பொடியள் போட்டதற்கு வேறு தத்துவம் கிடையாது. கரித்தாஸ் உடுப்புக் குவியலில் அளவு பார்க்காமல் இழுத்தெடுத்த சட்டையோடு முதற் குளிரைக் கழித்த எங்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. 1992 நவம்பரில் மார்க் ஜேக்கப்ஸ் என்ற வடிவமைப்பாளர் பெரி எலிஸ் நிறுவனத்துக்காக அதே சட்டையைப் பட்டில் தைத்து நியூயோர்க் மேடையில் அழகிகளை நடக்கவிட்டார். கொபெய்னுக்கும் மனைவி கோர்ட்னி லவ்வுக்கும் அனுப்பிய உடுப்பைத் தாங்கள் எரித்துவிட்டதாக லவ் பின்னர் சொன்னார். ஜேக்கப்ஸுக்கும் அந்த நிறுவனத்தில் வேலை போனது.

அதே மாதம் நியூயோர்க் ரைம்ஸ் கிறஞ்ச் இளைஞர்களின் இரகசியப் பேச்சுமொழி என்று ஒரு சொற்பட்டியலை அச்சிட்டது. சப் பொப்பில் முன்னர் வரவேற்பாளராக இருந்த மேகன் ஜாஸ்பர் தொலைபேசியில் கேட்டவருக்கு அந்தந்த நிமிடத்தில் வாய்க்கு வந்த சொற்களை அடுக்கியிருந்தார். ஒன்றுகூட யாரும் பேசாத சொல். சில மாதம் கழித்து ஒரு சிறுபத்திரிகைதான் இதை அம்பலப்படுத்தியது. சியாற்றில்காரர்கள் அந்தப் பொய்ச் சொற்களைப் பனியனில் அச்சிட்டுப் போட்டுத் திரிந்தார்கள். இந்த வரலாறு முழுவதிலும் எனக்கு ஆகப் பிடித்த பகுதி இது. எங்கள் வாழ்க்கையை ஆராயவரும் ஐரோப்பிய ஆய்வாளர்களிடம் எங்களவர் சிலர் சொல்லிவைத்த விளக்கங்களையும் யாராவது ஒருநாள் சரிபார்க்கவேண்டும்.

றீம் இரவில் நிர்வாணாவுக்கு முன்னால் மேடையேறியது மெல்வின்ஸ். 1986இன் முதல் தொகுப்பில் இருந்தவர்கள், கொபெய்னுக்கு வழிகாட்டியவர்கள், ஒருபோதும் பெரிதாக விற்காதவர்கள். கொபெய்னின் தொண்டை ஏற்கெனவே கெட்டிருந்தது. இடையில் மின்சாரம் நின்றது. அந்த இடைவெளியில் நோவோசெலிக் பகிடியாகப் பேசினான்: பெரிய அரங்கில் நாங்கள் வாசிக்கவில்லை, எங்கள் காலம் இறங்குமுகம், கிறஞ்ச் செத்துவிட்டது, அடுத்த தட்டு ஹிப்-ஹொப் என்ற பொருளில். மறுநாள் மருத்துவர் தொண்டை அழற்சி என்றார். இரண்டாவது மியூனிக் கச்சேரி இரத்தானது. நான் கோப்பை கழுவிய குசினியில் சமையல் பழகிய பவேரியப் பொடியன் ஒருவன் அந்த இரண்டாம் இரவுக்குத்தான் சீட்டு வைத்திருந்தான். காசைத் திருப்பி வாங்கலாம் என்று எல்லோரும் சொன்னோம். அவன் வாங்கவில்லை. மார்ச் 4ந் திகதி றோமில் கொபெய்ன் அளவுமீறி மருந்து எடுத்து மயங்கினான்; ஏப்ரல் 5ந் திகதி சியாற்றில் வீட்டில் தன்னைச் சுட்டுக்கொண்டான். வயது 27.

மியூனிக் கச்சேரிக்கு ஒரு வாரம் கழித்து வந்த சவுண்ட்கார்டனின் 'சூப்பரன்னோன்' நேரே முதலிடத்துக்குப் போனது. அதாவது, செத்ததாகச் சொன்ன இசை விற்பனையில் அப்போதுதான் உச்சியில் நின்றது. பேர்ள் ஜாம் வேறு வழியில் முரண்டு பிடித்தது: நிகழ்படம் எடுப்பதை நிறுத்தினார்கள், 1994இல் ரிக்கற்மாஸ்ரர் கம்பனியின் ஏகபோகத்துக்கு எதிராக அமெரிக்க நீதித்துறையிடம் முறையிட்டார்கள். 1995இல் விசாரணை கைவிடப்பட்டது. தோற்றார்கள், ஆனால் அந்த முறைப்பாட்டின் நியாயம் இன்று சீட்டு வாங்கும் எவருக்கும் தெரியும்.

அதன்பின் வந்ததற்குப் பின்-கிறஞ்ச் என்று பெயர். இங்கிலாந்தின் புஷ், அவுஸ்திரேலியாவில் பதினைந்து வயதுப் பொடியளின் சில்வர்செயர், பின்னர் 1999இல் ஒரே தட்டை அமெரிக்காவில் மட்டும் கோடிக்கு மேல் விற்ற கிறீட், 2001இல் கனடாவின் நிக்கல்பாக். அதே இறங்கிய சுருதி, அதே தொண்டைக் கரகரப்பு, மெதுவில் தொடங்கி உரக்க வெடிக்கும் அதே அமைப்பு. ஆனால் மேடு பள்ளம் சீவி, துப்புரவாகக் கழுவப்பட்டு. 1996இல் அமெரிக்கத் தொலைத்தொடர்புச் சட்டம் ஒரு கம்பனி எத்தனை வானொலியும் வைத்திருக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. சில வருடங்களில் கிளியர் சனல் என்ற ஒரே கம்பனியின் கையில் 1200 நிலையங்கள். பலவற்றில் ஏறத்தாழ ஒரே மாதிரியான பாட்டுப் பட்டியல். கழுவிய ஊத்தைக்கு அதைவிட நல்ல சந்தை அமைந்திருக்காது. இவர்களைத் திட்டுவது இன்று நாகரிகமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கேட்டவர்கள் பெரும்பாலும் சிறு ஊர்களின் தொழிலாளர்கள், அபர்டீன் போன்ற ஊர்க்காரர்கள். சட்டையை முதலில் போட்டவர்களிடமே அது சுற்றித் திரும்பிப் போயிருக்கிறது, விலை மட்டும் கூடியிருந்தது.

மியூனிக் பக்கத்தில் இந்த இசை போன வழி வேறு. தெற்கே ஒரு மணிநேரத் தூரத்தில் வைல்ஹைம் என்ற ஊர். அங்கே 1989இல் அகர் சகோதரர்கள் நொற்விஸ்ற் என்ற குழுவைத் தொடங்கினார்கள். ஆரம்பத் தட்டுகள் சியாற்றிலுக்குக் குறையாத இரைச்சல். 1995இன் தட்டில் இரைச்சல் மெல்ல விலகுகிறது. மின்னணு இசைக்காரர் மார்ட்டின் கிறெச்மன் சேர்ந்த பின், 1998இன் 'ஷ்றிங்க்', 2002இன் 'நியோன் கோல்டன்' இரண்டிலும் கணினியின் சிறு சிறு சப்தங்களும் ஜாஸ் ஊதுகுழல்களும் தாழ்ந்த குரலும். அதற்கிடையில் றீமின் பழைய விமான நிலையச் சமையற்கூடத்தில் 1994இல் உல்ற்றாஷால் என்ற ரெக்னோ விடுதி திறந்தது. இளைஞர் கூட்டம் கிற்றாரை விட்டு அங்கே நகர்ந்தது. 1998இல் கண்காட்சி நகரம் வந்தபோது நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தையும் வேறு சிலவற்றையும் பாதுகாத்துவிட்டு மற்றதை இடித்தார்கள். கச்சேரி நடந்த மண்டபம் இன்று இல்லை.

எங்கள் வீடுகளுக்குள் கிறஞ்ச் அதிகம் நுழையவில்லை. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, மிருதங்கம், வீணை, பரதம் என்று பிள்ளைகளை இழுத்துத் திரிந்தோம். தாங்களாக அவர்கள் தேர்ந்தது பெரும்பாலும் ஹிப்-ஹொப். நோவோசெலிக்கின் பகிடி எங்கள் வரவேற்பறைகளில் பலித்தது. கிற்றாரும் பெருக்கியும் ஒத்திகை பார்க்க நிலவறை உள்ள வீடும் வேண்டும் கிறஞ்சுக்கு. வாடகை அடுக்குமாடியில் ஆறு பேரோடு வாழ்ந்த பிள்ளைக்கு வாயும் ஒரு கசற்றும் போதுமாயிருந்தது. 2005இல் இலண்டனில் இருந்து மாயா அருள்பிரகாசம் தகப்பனின் இயக்கப் பெயரைத் தட்டுக்கு வைத்து வந்தபோது அந்தப் பக்கத்தில் கதை வேறொரு கட்டத்துக்குப் போய்விட்டது; அதைத் தனியாக எழுதவேண்டும்.

2025 நவம்பரில் சவுண்ட்கார்டன் அமெரிக்காவின் றொக் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டது. பாடகர் கிறிஸ் கோர்னெல் 2017இலேயே தன்னை மாய்த்துக்கொண்டுவிட்டார். கிம் தாயில் நரைத்த தாடியோடு இன்னும் வாசிக்கிறார். மெல்வின்ஸ் நிற்காமல் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. சங்கிலிக் கடைகளில் நிர்வாணா பனியன் தொங்குகிறது.